அத்திப்பட்டில் வாங்காத வீடு

கண்டெய்னர் லாரிகளுக்குப் பயந்துதான் நாங்கள் சொந்த வீடு பார்க்கத் தொடங்கினோம். என் கணவருக்கு வள்ளூர் பக்கம் அனல் மின் நிலையத்தில் ஒப்பந்த வேலை, ஃபிட்டர். ராயபுரத்திலிருந்து தினமும் பைக்கில் போய் வருவார். ஒரு மழைநாளில் எண்ணூர் சாலையில் வண்டி சறுக்கி விழுந்தார். பின்னால் வந்த லாரி அவருடைய ஹெல்மெட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அடி ஒன்றும் பெரிதாக இல்லை. முழங்கையில் சிராய்ப்பு மட்டும். ஆனால் வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர், சட்டையைக்கூடக் கழற்றாமல் வெகுநேரம் அப்படியே இருந்தார். அந்த வாரமே வேலைக்குப் பக்கத்தில் வீடு பார்க்கலாம் என்று நான்தான் பேச்சை எடுத்தேன். மகன் ஓசூரில் வேலைக்குப் போய்விட்டான். நாங்கள் இரண்டு பேர்தான். எங்கே இருந்தால் என்ன என்று தோன்றியது.

எனக்கு வண்ணாரப்பேட்டையில் ஒரு மொத்த ஜவுளிக் கடையில் பில் போடும் வேலை. இருபது வருடத்துக்கு மேல் அதே கடை. ராயபுரத்தில் கல்மண்டபம் பக்கம் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டிலிருந்து கால் மணி நடை. மதியம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, கொஞ்சம் படுத்து எழுந்து, முகம் கழுவிக்கொண்டு திரும்பவும் போவேன். அதை ஒரு வசதி என்று நான் நினைத்ததே இல்லை. வீடு பக்கத்தில் இருக்கிறது, வந்து போகிறேன், அவ்வளவுதான்.

தரகர் எங்களை மூன்று இடங்களுக்குக் கூட்டிப்போனார். ராயபுரத்தில் எங்கள் கைக்கு எட்டியது ஒரு மாடிப்படிக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறை. திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்தில் ஒரு பழைய ஃபிளாட் இருந்தது. மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, ஒரு படுக்கையறை, சமையலறையில் இரண்டு பேர் சேர்ந்து நிற்க முடியாது. அதே விலைக்கு அத்திப்பட்டு புதுநகரில் தனி வீடே கிடைத்தது. பூச்சு வேலை முடியாத வீடு. மூன்று அறை, கூடம், மொட்டை மாடி, வாசலில் கார் நிறுத்த இடம். எங்களிடம் கார் இல்லை. இருந்தாலும் அந்த இடத்தில் நின்று பார்த்தபோது நான் ஒரு சுற்றுப் பெருத்துவிட்ட மாதிரி இருந்தது.

என் கணவர் தயங்கினார். உனக்குத்தான் கஷ்டம், நீ தினமும் ரயிலில் போக வேண்டியிருக்கும் என்றார். நான் கணக்கு எழுதிப் பிழைப்பவள். அங்கேயே, செங்கல் தூசி படிந்த ஜன்னல் திண்டில் சாய்ந்துகொண்டு அவருக்குக் கணக்குச் சொன்னேன். அவருக்குப் பயணம் ஒரு மணியிலிருந்து பத்து நிமிடமாகக் குறையும். எனக்கு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கூடும். ஒன்றுக்கொன்று கழித்தால் ஏறக்குறைய சமம். மிச்சம் இரண்டு அறைகள். அவர் சிரித்துவிட்டார். முன்பணம் கொடுத்தோம். பூச்சு, தரை, கதவு எல்லாம் முடித்துக் கொடுக்க ஆறு மாதம் ஆகும் என்றார் வீட்டுக்காரர். வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளலாம் என்று அதே தெருவில் ஒரு போர்ஷனை வாடகைக்கு எடுத்துக்கொண்டு ராயபுரத்தைக் காலி செய்தோம்.

முதல் சில வாரங்கள் நன்றாகத்தான் இருந்தன. எண்ணூர் வருவதற்கு முன்னால் ரயில் ஆற்றுப் பாலத்தில் ஏறும். இரண்டு பக்கமும் தண்ணீர், தூரத்தில் புகைக்கூண்டுகள், சேற்றில் நின்று கையால் இறால் தடவிப் பிடிக்கிறவர்கள். பெண்கள் பெட்டியில் எனக்கு ஜன்னலோர இடம் பெரும்பாலும் கிடைத்துவிடும். கொருக்குப்பேட்டையில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தால் கடை. மாலையிலும் அதே வழி.

நான் கணக்கில் சேர்க்காத ஒன்று இருந்தது. அதை எழுதுவதற்கே இப்போதும் கை கூசுகிறது.

எனக்கு இரண்டு வருடமாகச் சர்க்கரை. அடிக்கடி ஒதுங்கப் போக வேண்டும். கல்மண்டபத்தில் இருந்தவரை அது ஒரு பிரச்சினையாகவே தெரியவில்லை, வீடு நடக்கிற தூரத்தில் இருந்ததால். கடையில் இருந்த கழிப்பறை மாடிப்படிக்கு அடியில், மூட்டை இறக்குகிற ஆட்களுக்கும் சேர்த்து ஒன்றுதான். கதவில் தாழ்ப்பாள் நிற்காது. கடையில் வேலை செய்த பெண்கள் இரண்டு இரண்டு பேராகப் போவார்கள், ஒருத்தி வெளியே நிற்பாள். அவர்கள் எல்லோரும் என் மகன் வயது, அதற்கும் குறைவு. இருபது வருடமாக அதைத் தொடாமல் மதியம் வீட்டுக்குப் போய் வந்தவள், திடீரென்று ஒரு சின்னப் பெண்ணைக் கூப்பிட்டு எனக்குக் கதவைப் பிடித்துக்கொள் என்று எப்படிச் சொல்வது? ஆட்கள் சாப்பிடப் போகும் நேரம் பார்த்து ஒரே ஒரு தடவை அவசரமாகப் போய் வருவேன். அதற்குப் பிறகு தண்ணீர் குடிக்க மாட்டேன். டாக்டர் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லியிருந்தார்.

மின்சார ரயிலில் கழிப்பறை கிடையாது என்பது ஊருக்கே தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும். நான் சொன்ன கூட்டல் கழித்தலில் மட்டும் அது எங்கேயும் வரவில்லை.

தீபாவளி வியாபாரம் சூடு பிடித்திருந்த ஒரு நாள், மதியம் அந்த ஒரு தடவையும் போக முடியவில்லை. பில் போட ஆட்கள் வரிசையில் நின்றுகொண்டே இருந்தார்கள். மாலையில் ரயில் ஏறும்போதே அடிவயிறு கல்லாகிவிட்டது. முக்கால் மணிதானே, பல்லைக் கடித்துக்கொண்டு போய்விடலாம் என்று நினைத்தேன். கொருக்குப்பேட்டையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போய் வண்டி நின்றது. பக்கத்துத் தண்டவாளத்தில் ஒரு சரக்கு ரயில் போனது. அது போன பிறகும் எங்கள் வண்டி நகரவில்லை. எல்லோரும் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே இருந்த ஒரு தண்ணீர்த் தொட்டியைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். காலை மாற்றி மாற்றி வைத்தேன். மாதாவை வேண்டிக்கொண்டேன். பிறகு வேண்டுவதற்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று.

கடைச் சீருடை வெளிர்நீலச் சேலை. எனக்கு முதலில் வந்த நினைப்பு அந்த நிறத்தைப் பற்றித்தான். அடுத்து, சீட்டுக்குக் கீழே தரையில் அது ஓடிப்போவது தெரிந்தது. கதவோரமாகத் தரையில் ஒரு மீன்காரப் பெண்மணி குந்தியிருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் இருக்கும். பக்கத்தில் அவருடைய அலுமினிய அன்னக்கூடை, மேலே பாலித்தீன் மூடி. ஈரம் அவருடைய காலைத் தொட்டது. குனிந்து பார்த்தார். அது வந்த வழியே பார்வையை நகர்த்தி என் முகம் வரைக்கும் வந்தார். ஒரே ஒரு தடவைதான் பார்த்தார்.

பிறகு கூடையை இழுக்கிற மாதிரி இழுத்து, என் பக்கமாகச் சாய்த்துவிட்டார். உருகிய ஐஸ் தண்ணீர் மொத்தமும் என் சேலையிலும் காலிலும் தரையிலும் கொட்டியது. இரண்டு மூன்று மத்தி மீன்களும் விழுந்தன.

"எம்மா, ஐஸ் தண்ணி சாஞ்சிகினு போச்சும்மா. உன் பொடவையெல்லாம் நனச்சிட்டேன். வண்டி ஒரே குலுக்கு குலுக்கிச்சி, இன்னா பண்றது" என்றார், பெட்டி முழுக்கக் கேட்கிற குரலில்.

வண்டி நின்றுகொண்டிருந்தது. அதை ஒருவரும் கவனிக்கவில்லை. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு காலைத் தூக்கிக்கொண்டார்கள். எதிர்சீட்டில் இருந்தவர், கலீஜ் பிடித்தவர்களே, உங்களுக்கென்று தனிப் பெட்டி இல்லையா என்று தொடங்கினார். இன்னொருவர் சேர்ந்துகொண்டார். ஒரு கல்லூரிப் பெண் தன் பையிலிருந்து காகிதக் கைக்குட்டைகளை எடுத்து எனக்குக் கொடுத்தாள். மீன்காரப் பெண்மணி எல்லாத் திட்டையும் வாங்கிக்கொண்டு, தரையில் தவழ்ந்து மீன்களைப் பொறுக்கினார். தன் தலையில் வைக்கிற சும்மாட்டுத் துணியை எடுத்து என் சீட்டைத் துடைத்தார், காலுக்கடியில் துடைத்தார், அந்தத் துணியைக் கதவு வழியே வெளியே எறிந்தார்.

எதிர்சீட்டுப் பெண்மணி என்னைப் பார்த்து, நீங்களாவது நாலு வார்த்தை கேளுங்கள் என்றார். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"பரவால்ல, வுடுங்க. தெரியாம பட்டுச்சி" என்றேன்.

நான் அவரை மன்னித்தேன். அத்தனை பேர் முன்னால், பெரிய மனசு பண்ணி, அவரை மன்னித்தேன். அந்த ஈரத்தில் உட்கார்ந்திருந்ததைவிட அந்த வார்த்தைதான் பிற்பாடு என்னை அதிகமாக அரித்தது. எண்ணூரில் அவர் கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டில் என் கணவர் என்ன மீன் நாற்றம் என்று கேட்டார். ரயிலில் யாரோ கூடையைக் கொட்டிவிட்டார்கள் என்றேன். அவர் அந்த யாரோவைத் திட்டினார். நான் குளிக்கப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு பெண்கள் பெட்டியில் ஏறவில்லை. பொதுப் பெட்டியில் நின்றுகொண்டே போனேன். டாக்டரம்மா கொடுக்கும் மாத்திரைகளில் ஒன்றை நிறுத்திவிட்டேன், அதனால்தான் அதிகம் போகிறதோ என்று நானே முடிவு பண்ணி. ஒரு நாள் கொருக்குப்பேட்டை பிளாட்பாரத்தில் அந்தப் பெண்மணி தன் கூடையோடு நிற்பதைப் பார்த்தேன். போய்ப் பேசியிருக்க வேண்டும். நான் நடைமேம்பாலப் படிக்குப் பின்னால் ஒதுங்கி நின்றேன். அவரும் என்னைப் பார்த்துவிட்டார் என்று நினைக்கிறேன், ஏனென்றால் சட்டென்று முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு ரயில் வராத திசையைப் பார்த்து நின்றார். நான் ஒளிய அவர் எனக்கு இடம் கொடுத்தார். அதன் பிறகு நான் ஒரு வண்டி தள்ளியே ஏறத் தொடங்கினேன்.

இதற்கிடையில் வீடு வளர்ந்துகொண்டிருந்தது. பூச்சு முடிந்து தரைக் கற்கள் வந்து இறங்கின. என் கணவர் வேலை முடிந்ததும் நேரே அங்கே போய்விடுவார். சமையலறை மேடை உன் உயரத்துக்குப் போடச் சொல்லியிருக்கிறேன் என்று என்னைக் கூட்டிப்போய் நிறுத்தி அளவு பார்த்தார். நான் அங்கே நின்றுகொண்டு, இந்த வீடு வேண்டாம் என்று சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. ஏன் என்று கேட்டார். காற்றில் சாம்பல் வருகிறது, துணி காயப்போட முடியவில்லை என்றேன். மாடியில் தகரம் போட்டு மறைக்கலாம் என்றார். தண்ணீர் உப்பாக இருக்கிறது என்றேன். மறுநாளே போய்க் குடிநீர் லாரிக்காரரிடம் பேசிவிட்டு வந்தார். மாதா கோயில் தூரம் என்றேன். ஞாயிற்றுக்கிழமை பைக்கில் நானே கூட்டிப்போகிறேன் என்றார். நான் சொன்ன ஒவ்வொரு பொய்க் காரணத்துக்கும் அவர் ஓர் உண்மையான வழி கண்டுபிடித்துக்கொண்டு வந்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. இருபத்தைந்து வருடம் கூட வாழ்ந்தவர். பிரசவத்தின்போது கூட இருந்தவர். அவரிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் அப்புறம் ஒவ்வொரு தடவையும் என்னைப் பார்க்கும்போது அவருக்கு அதுதான் ஞாபகம் வரும் என்று தோன்றியது.

கடைசியில் அவரே ஒரு யோசனை சொன்னார். நீ என்ன கஷ்டப்படுகிறாய் என்று நானும் ஒரு நாள் வந்து பார்க்கிறேன் என்றார். லீவு போட்டுவிட்டு மாலையில் கடை வாசலுக்கு வந்து நின்றார். தலையை வாரி, இஸ்திரி போட்ட சட்டை. கடைப் பெண்கள் ஜாடை காட்டிச் சிரித்தார்கள். வழியில் எனக்கு ஒரு பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்தார். நான் வேண்டாம் என்றேன். அவரே இரண்டையும் குடித்தார்.

ரயிலில் பொதுப் பெட்டியில் ஏறினோம். அவருக்குப் பயணம் பிடித்திருந்தது. காற்று வருகிறது, லாரி இல்லை, தூசி இல்லை, நீ ராணி மாதிரி போகிறாய் என்றார். விம்கோ நகரைத் தாண்டி வண்டி நின்றது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். கதவோரம் நின்றிருந்த ஆண்கள் ஒவ்வொருவராகத் தண்டவாளத்தில் குதித்தார்கள். சிலர் பீடி பற்ற வைத்தார்கள். சிலர் புதருக்கு முன்னால் போய்த் திரும்பி நின்றார்கள். என் கணவரும் எழுந்தார். இதோ வந்துவிடுகிறேன் என்று சைகை காட்டிவிட்டு இறங்கிப் போனார். பேண்ட்டைச் சரிசெய்துகொண்டு, பக்கத்தில் நின்ற ஒருவரோடு ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டு திரும்பி வந்தார். கைப்பிடியைப் பிடித்து ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ரெண்டு சோடா, தாங்கல" என்றார்.

நான் அழுதுவிட்டேன். சத்தமில்லாமல்தான். அவர் பதறிப்போய் என்ன என்ன என்று கேட்டார். சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். நான் அவர் காதுக்குப் பக்கத்தில் போய்ச் சொன்னேன்.

"எனுக்கும்தான் அப்டி வந்துச்சி ஒரு நாளு. நான் எங்க எறங்குவேன்?"

அவருக்கு முதலில் விளங்கவில்லை. என்னைப் பார்த்தார், வெளியே புதரைப் பார்த்தார். பிறகு மீன் கூடை கொட்டிய அன்றா என்று மெதுவாகக் கேட்டார். தலையாட்டினேன். அவர் கைகள் இரண்டையும் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டு, வாத்தியாரிடம் அடி வாங்கியவர் மாதிரி குனிந்து உட்கார்ந்திருந்தார். வண்டி கிளம்பி, ஆற்றுப் பாலம் வந்து, எங்கள் ஸ்டேஷன் வந்து, இறங்கி நடக்கிறவரைக்கும் அப்படியே வந்தார். வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன், அந்தப் பெண்மணியை நான் மன்னித்ததையும் சேர்த்து.

கேட்டுவிட்டு, "மாத்திரைய ஏன் நிறுத்தின நீ?" என்றார். அதற்குத்தான் அவர் குரல் உயர்ந்தது.

மறுநாள் அவரே தரகரிடம் போய் அந்த வீடு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். காரணம் கேட்டதற்கு, தனக்கு அந்த வீட்டில் படுத்தால் தூக்கம் வராது போலிருக்கிறது என்றாராம். அங்கே நாங்கள் ஒரு நாளும் படுக்கவில்லை. தரகர் அவரைக் கிறுக்கன் என்று நினைத்திருப்பார். முன்பணத்தில் கொஞ்சம் திரும்பி வரவில்லை. சமையலறை மேடை என் உயரத்துக்குப் போட்டபடியே அந்த வீடு வேறு யாருக்கோ போயிற்று.

திருவொற்றியூர் ஃபிளாட் இன்னும் விற்காமல் இருந்தது. மூன்று மாடி ஏற யாருக்கும் மனசில்லை. அதை வாங்கினோம். நடக்கிற தூரத்தில் மெட்ரோ ஸ்டேஷன். டிக்கெட் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் ஏறுகிற இடத்திலும் இறங்குகிற இடத்திலும் கழிப்பறை இருக்கிறது, தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளலாம். வாங்குவதற்கு முன் நான் தனியாகப் போய் இரண்டு ஸ்டேஷனிலும் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வீடு பார்க்கிறவர்கள் தண்ணீர் வருகிறதா, வெளிச்சம் வருகிறதா என்று பார்ப்பார்கள். நான் இதைப் பார்த்தேன். கடையிலும் ஒரு நாள் மனசைத் திடப்படுத்திக்கொண்டு ஒரு பெண்ணைக் கூப்பிட்டேன். அவள் வாங்கக்கா என்று சாதாரணமாக எழுந்து வந்துவிட்டாள்.

வீடு மந்திரிக்க ஃபாதர் வந்த அன்று உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள். என் நாத்தனார் மூன்று மாடி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டே கூடத்தைப் பார்த்தார். அத்தனை பெரிய வீட்டை விட்டுவிட்டு இந்தத் தீப்பெட்டிக்கு ஏன் வந்தீர்கள் என்று கேட்டார். என் கணவர் வாயைத் திறப்பதற்குள், எனக்குத்தான் ஊரை விட்டுத் தள்ளிப் போகப் பிடிக்கவில்லை என்றேன். என் தம்பி வேலைக்குப் போகிற வழியில் அடிபட்டால் பரவாயில்லையா என்று நாத்தனார் சிரித்தபடியே கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் கேட்டது நியாயம். நான் கேக் துண்டுகளை எடுத்து வைக்கப் போனேன்.

அந்த மீன்காரப் பெண்மணியைத் தேடிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணூர் ஸ்டேஷனுக்குப் போனேன். பெயர் தெரியாது. மீன் விற்கிற இரண்டு பேரிடம் விசாரிக்கப் போய், என்ன சொல்லி விசாரிப்பது என்று தெரியாமல், கால் கிலோ இறால் வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

என் கணவர் இப்போதும் அதே எண்ணூர் சாலையில்தான் போய் வருகிறார். ராயபுரத்தை விடத் தூரம் பாதி என்று எனக்குச் சொல்லுவார். லாரிகள் பாதியாகவில்லை. இரண்டாவது மாடியில் குடியிருக்கும் அம்மா ஒரு நாள் என்னிடம், உங்கள் வீட்டுக்காரருக்கு முழங்கால் வலியா, தினமும் எங்கள் வாசல் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தானே மேலே வருகிறார் என்றார். எனக்குத் தெரியாது. அன்று சாயங்காலம் காது கொடுத்துக் கேட்டேன். பைக் வந்து நிற்கிற சத்தம், முதல் மாடி, இரண்டாவது மாடி, அங்கே செருப்புச் சத்தம் நின்றுவிட்டது. இறங்கிப் போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவர வேண்டும் என்று கதவுவரை போனேன். போனால் நான் பார்த்துவிட்டேன் என்று அவருக்குத் தெரிந்துவிடும். கதவைத் திறக்காமல் உள்ளே நின்றேன். கொஞ்ச நேரத்தில் செருப்புச் சத்தம் மறுபடி கேட்டது, களைப்பே இல்லாதவர் மாதிரி வேகமாக ஏறி வந்தார். நான் அடுப்படிக்குப் போய் டீ போடத் தொடங்கினேன்.